பாய் கடையில் நெய்யில்லாத ஒரு தட்டு

கப்பல் வேலைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு மைக் கிடைத்தால் விடுவானா? வாய் வலிக்கப் பேசினேன். கிளம்பும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"சார், ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட்ல ஒருத்தர் வந்து உக்காந்து வீகன்னு சொல்றார். கறி மட்டுமில்ல, பால், நெய், வெண்ணெய் எதுவும் கூடாதுங்கறார். அவருக்கு நிஜமாவே ஒத்துக்காதா, இல்ல சும்மா ஃபேஷனுக்குச் சொல்றாரான்னு எப்படி சார் கண்டுபிடிக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று நழுவி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு என் மேல் எனக்கே எரிச்சல். அவ்வளவு நேரம் நான் பேசியதில் அந்தக் கேள்விக்கு ஈடாக ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தப் பெண்ணுக்கும் அன்று சிரித்த மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கப்பலில் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாம் கிடைக்கும். ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட் அப்படியில்லை, ஒன்றே ஒன்றைப் பெயரெடுக்கிற மாதிரிச் செய்யும் இடம். நான் கடைசியாகப் பொறுப்பில் இருந்தது நெருப்பில் வாட்டிய இறைச்சிக்குப் பெயர்போன கடை. அங்கே வீகன் விருந்தாளிக்கு ஒன்றுமே இல்லை என்று புதிதாக வருபவர்கள் கையை விரிப்பார்கள். அது சோம்பேறிப் பதில். உருளைக்கிழங்கு இருக்கிறது, காளான் இருக்கிறது, பீன்ஸ் இருக்கிறது. ஆனால் உருளைக்கிழங்கில் கிரீமைக் கலந்துவிடுவார்கள், காளான் சூப்பில் எலும்புச் சாறு, பீன்ஸின் மேல் வெண்ணெய். அந்தச் சேர்மானம் சேருவதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கிவிட்டால் நல்ல சாப்பாடே போட்டுவிடலாம். அது சுலபம். வாங்கி வைத்த தட்டு விருந்தாளியின் முன்னால் போய்ச் சேருகிற வரை அதைக் காப்பாற்றுவதுதான் பாடு.

இதை நான் கப்பலில் கற்கவில்லை. கப்பலில் என் பெயர் மேடி. மாதேஸ்வரன் என்ற பெயர் அங்கிருந்தவர்கள் வாயில் நுழையவில்லை. நான் வெறும் மாதுவாக இருந்த காலத்தில், அதியமான்கோட்டையில் ஒரு பிரியாணிக் கடையில் கற்றது இது.

எண்பதுகளின் நடுப்பகுதி. சேலம் போகிற நெடுஞ்சாலையின் ஓரத்தில் கடை. நான் சப்ளையராகச் சேர்ந்தேன், கொஞ்ச நாளில் மேற்பார்வையும் என் தலையில் விழுந்தது. மேற்பார்வை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எது கெட்டாலும் முதல் திட்டு எனக்கு. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தடித்த உடம்பு, மெல்லிய குரல். ஆள் கோபித்து நான் பார்த்ததில்லை, மனம் நொந்து பார்த்திருக்கிறேன்.

பாயிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடைக்குள் எந்தக் குழந்தை வந்து உட்கார்ந்தாலும் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிடுவார். கையில் ஒரு பித்தளைத் தூக்கு, நிறைய உருக்கிய நெய். குழந்தையின் தட்டில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத் தலையைத் தடவிவிட்டுப் போவார். கேட்கமாட்டார். காசும் கிடையாது. ‘நெய் பாய் கடை’ என்றால் கிருஷ்ணகிரி வரைக்கும் தெரியும். குழந்தையின் தட்டில் நெய் மணக்கவில்லை என்றால் அவரைப் பொறுத்தவரை அது தட்டே இல்லை.

எங்களிடம் கிடைத்தது ஆட்டுக்கறி பிரியாணி, எலும்பு போட்ட தால்சாக் குழம்பு, பரோட்டா, தயிர் வெங்காயம். சைவம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "குஸ்கா இருக்குதுங்க." குஸ்கா என்பது அதே பிரியாணித் தேக்சாவில் கறித்துண்டை ஒதுக்கிவிட்டு அள்ளின சோறு. துண்டு இல்லையென்றால் கறி இல்லை என்பது எங்கள் கணக்கு. கேட்டுச் சாப்பிட்டவர்களில் பலருக்கும் அதே கணக்குத்தான், யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

கோடைக்காலத்தில் ஒரு நாள் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து சாலை அடைபட்டுவிட்டது. வண்டிகள் எங்கள் கடையைத் தாண்டி தர்மபுரிப் பக்கமாக நின்றன. அவசரக்காரர்கள் எதிர்ச்சாரியிலும் லாரியை ஏற்றி நிறுத்திவிட்டதால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. உச்சி வெயில். பக்கத்துப் பெட்டிக்கடைகளில் வாழைப்பழத் தார்கள் மொட்டையாகிவிட்டன. எங்கள் கடையில் நிற்க இடமில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா வந்தார். நூல் சேலை, தோளில் பை, கையில் ஆறு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள்.

"இங்க கறி போடாம ஏதாவது கிடைக்குங்களா?"

"குஸ்கா இருக்குதுங்க. உக்காருங்கம்மா," என்று இடம் பிடித்துக் கொடுத்து, தட்டையும் கொண்டுவந்து வைத்தேன். அவர் குனிந்து முகர்ந்தார்.

"இதுல நெய் இருக்குங்களா?"

"நெய் இல்லாமலாங்க? நம்ம கடைக்குப் பேரே அதுலதாங்க!"

அவர் குழந்தையின் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். "தயிர்?"

"கறிய ஊற வெக்கறதே தயிர்லதாங்க."

"கறியா? கறி இல்லன்னு சொன்னீங்களே?"

"பீஸ் இல்லீங்க," என்றேன். சொல்லும்போதே என் பதில் எனக்குக் கொஞ்சம் நொண்டியடித்தது.

பரோட்டா மாவு பால் ஊற்றிப் பிசைந்தது. வெறும் சோறு என்று எங்களிடம் தனியாக ஒன்றும் கிடையாது, பிரியாணி அரிசி கொதிக்கும் தண்ணீரிலேயே நெய் விடுவோம். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த எண்ணெய், எந்தக் கரண்டி, அதே கரண்டியா என்றெல்லாம் கேட்டார். கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒரு சட்டியும் ஒரு பிடி அரிசியும் குடுங்க. பின்னாடி ஒரு ஓரமா நானே வடிச்சுக்கறேன்."

அந்தக் காலத்தில், அந்த ஊரில், பாய் கடைக்குள் நின்று ஒருவர் ‘சட்டி கொடு, நானே பொங்கிக்கொள்கிறேன்’ என்றால் அதற்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். உங்கள் கை பட்டதை நான் தொடமாட்டேன் என்பது. பிரியாணி போடும் தலைமைச் சமையல்காரரைப் பண்டாரி என்போம். எங்கள் பண்டாரி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன், எங்க கை பட்டா சோறு தீட்டாயிடுமா? சைவக் கடை தர்மபுரியில இருக்குது மாது. நடந்து போவச் சொல்லு."

கல்லாவில் இருந்த பாயின் காதிலும் இது விழுந்தது. அவர் முகம் சுருங்கிப் போனது. "விடுங்கடா. அவங்கவங்க வழக்கம்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"அய்யோ, அது இல்லீங்க," என்றார் அந்த அம்மா. யாரும் மேற்கொண்டு கேட்கத் தயாராக இல்லை. இன்றைக்கு வீகன் என்று ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது. உச்சரித்தால் போதும், எதிரில் இருப்பவனுக்குப் பாதியாவது புரியும். அவரிடம் அந்த வார்த்தை இல்லை. அவர் சொல்ல வேண்டியிருந்தது ஒரு நீளமான வாக்கியம். அது முடிவதற்குள் எங்கள் ஆட்கள் கோபித்துக்கொண்டுவிட்டார்கள்.

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தை மேசை விளிம்பில் கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொண்டது. பசித்த குழந்தை நச்சரிக்கும், காலை உதைக்கும். இது எதையும் கேட்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்களாம்மா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நாங்க கறி சாப்பிடறதில்லீங்க. அது பரவால்ல. இவளுக்குப் பால் ஆகாது. பால், தயிர், மோர், நெய் எதுவும் ஆகாது. வாயில பட்டா ஒதடு வீங்கிடும். போன வருசம் பாயசம் ஒரு கரண்டி உள்ள போயிடுச்சு. தொண்டை அடைச்சு மூச்சே நின்னுடுச்சுங்க. ஆஸ்பத்திரி எதிர்லயே இருந்ததால பொழைச்சா. அடுத்த தடவ இன்னும் மோசமா வரும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

கொண்டுவந்த இட்லி காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். சேலத்தில் அக்கா வீட்டுக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள். வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டது. ஏதாவது உள்ளே போயாக வேண்டும்.

"இங்க ஏதாவது ஆச்சுன்னா இவள எங்கங்க தூக்கிட்டு ஓடுவேன்?" என்றார். இரண்டு பேரும் சாலையைப் பார்த்தோம். சைக்கிள்கூட நுழைய முடியாமல் லாரிகள் ஒட்டி நின்றன.

நான் எங்கள் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். நெய் படாத பொருள் என்று அங்கே தண்ணீர்க் குழாயைக்கூடச் சொல்ல முடியாது. ‘எங்களிடம் இல்லை’ என்று சொல்வது நம் தொழிலில் இருப்பவர்களுக்குக் கசப்பான வேலை. இருப்பதை வைத்து எப்படியாவது சமாளித்துவிடலாம் என்றுதான் கை பரபரக்கும். அன்று அந்தப் பரபரப்பை அடக்கிக்கொண்டேன். "எங்க அடுப்புல வேண்டாங்கம்மா. வேற வழி இருக்குது, இருங்க," என்றேன்.

கடைக்குப் பின்னால் காவேரியக்காவின் வீடு. நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்கள், எங்களுக்குக் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கொடுப்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் களி கிண்டும் சட்டி தனி. அதில் ராகி மாவும் அரிசி நொய்யும் தண்ணீரும் தவிர வேறொன்றும் போகாது.

போவதற்கு முன் பண்டாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "நெய் தின்னு எவன்டா மூச்சு நின்னு போனான்? எல்லாம் சாக்கு," என்றார். பிறகு கல்லாவுக்குப் போய் பாயிடம் சொன்னேன்.

"பாய், அந்தக் கொழந்தைக்கு நெய் ஆகாதாம். ஒடம்புக்கு வந்துடுமாம். காவேரியக்கா வூட்டுல களி கிண்டித் தர்றேன்னு சொல்லியிருக்கறேன்."

பாய் பக்கத்திலிருந்த நெய்த்தூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். "களிய எங்க வேணா கிண்டட்டும். நம்ம கடைக்கு வந்த புள்ள இன்னொரு வூட்டுல உக்காந்து சாப்பிடக் கூடாது. இங்க கொண்டாந்து வெய்யி," என்றார். சரி என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியோடு அந்த அம்மாவையும் குழந்தையையும் பின்பக்கம் கூட்டிப் போனேன்.

காவேரியக்கா உலையை வைத்துவிட்டு, "தொட்டுக்கக் கீரை கடைஞ்சு வெச்சிருக்கறனுங்கம்மா. பருப்பும் கீரையும்தான், வேற ஒண்ணுமில்ல," என்றார்.

"எதால கடைஞ்சீங்க?"

"மத்தாலதாங்க." சொல்லிவிட்டு அக்கா ஒரு கணம் நின்றார். "அடடா, மோர் கடையற மத்துங்க அது."

நான் அசந்து போனேன். கீரையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டிருப்பேன். எதால் கடைந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றியிருக்காது. இரண்டு பெண்களும் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரமாகப் பேசி முடிவு செய்தார்கள். களி மட்டும். தொட்டுக்கொள்ள வறுத்த நிலக்கடலையும் வெல்லமும் கழுவிய உரலில் இடித்தது. களி கிண்டும் துடுப்பை அந்த அம்மாவே கொதிநீரில் அலசிக் கொடுத்தார்.

கடையின் பின்மூலையில் ஒரு மேசையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாழை இலை விரித்தேன். சூடான களி உருண்டையைக் காவேரியக்காவே கொண்டுவந்து வைத்து, நடுவில் குழி பண்ணிக் கடலையும் வெல்லமும் நிரப்பிவிட்டுப் போனார். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஆறட்டும், இரு. கை கழுவிட்டு டம்ளரையும் அலம்பிட்டு வர்றேன்," என்று அந்த அம்மா நாலடி தள்ளியிருந்த குழாய்க்குப் போனார். அதே நேரம் முன்னால் பார்சலுக்கு நின்றவர்கள் கத்த, நான் அந்தப் பக்கம் திரும்பினேன்.

மணம்தான் என்னைத் திருப்பியது. கடை முழுக்க எப்போதும் நெய் வாசனைதான், எங்கள் மூக்குக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் இது வேறு. முருங்கைக்கீரை போட்டு வீட்டில் காய்ச்சிய நெய்யின் மணம். எங்கள் கடையில் அந்த மணத்துக்கு வேலையே இல்லை.

திரும்பினால், பாய் அந்த மேசையருகே குனிந்து நிற்கிறார். கையில் பித்தளைத் தூக்கு இல்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு வெள்ளிக் கிண்ணம். கரண்டி களியின் குழிக்குள் கவிழ்ந்துவிட்டது. குழந்தையின் விரல்கள் களிக்குள் இருந்தன. வெல்லத்தோடு ஒரு விள்ளல் மேலே வந்தது.

கத்தியிருந்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்காது. பார்சலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். நடுவில் நின்ற பாயை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுக் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இலை சரிந்து களி தரையில் உருண்டது. கிண்ணம் கவிழ்ந்தது. குழந்தை வீறிட்டது. பாய் சுவரில் போய் மோதினார்.

"மொதலாளியவாடா தள்ற?" பண்டாரி என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். அந்தச் சின்னக் கையைக் குழந்தையின் முகத்துக்கு எட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தண்ணி, தண்ணி," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா ஓடி வந்தார். மினுமினுத்த விரல்களை ஒரு முறை முகர்ந்தார். அவர் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. கையில் இருந்த டம்ளர் தண்ணீரைக் குழந்தையின் கையில் ஊற்றினார், முந்தானையால் துடைத்தார், உதட்டைத் துடைத்தார், மறுபடியும் ஊற்றினார்.

"வாயில வெச்சியாம்மா? சொல்லு கண்ணு, வாயில வெச்சியா?"

குழந்தை அழுத அழுகையில் பதில் வரவில்லை. அவர் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். "யாரும் பேசாதீங்க. இவ மூச்ச நான் கேக்கணும்," என்றார்.

கடை அடங்கியது. குழந்தையின் விரல்களிலும் நெய் வழிந்த மணிக்கட்டிலும் சிவந்த தடிப்புகள் கிளம்பத் தொடங்கின. எறும்புக் கடி போல முதலில் ஒன்றிரண்டு, பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றோடொன்று சேர்ந்து கை வீங்கியது.

பாய் சுவரோரமாகவே நின்றிருந்தார். "இது என்னம்மா?" என்றார்.

"நெய்ங்க. பட்ட எடம்."

பண்டாரியின் கை என் காலரிலிருந்து தானாக நழுவியது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. பண்டாரி ஓடிப்போய் டிரைவரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னார். உள்ளே அந்த அம்மா குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உதடு வீங்குகிறதா, வீங்குகிறதா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பிற்பாடு நடுக்கடலில் புயலைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பயந்ததுபோல் பயந்ததில்லை. இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை, இந்த லாரிகளுக்கு நடுவே வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறோம். என் மனதில் ஓடியது இது ஒன்றுதான்.

அழுகை விம்மலாயிற்று. விம்மலும் நின்றது. உதடு அப்படியே இருந்தது. குழந்தை மூக்கை உறிஞ்சிவிட்டு, "அம்மா, பசிக்குது," என்றது.

அந்த அம்மா அப்போதுதான் அழுதார்.

பாய் மெல்லத் தரையில் உட்கார்ந்து, உருண்டு கிடந்த களியைத் தன் கையாலேயே வாரத் தொடங்கினார். நான் குனிந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். வாரிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"நெய் ஆகாதுன்னு மாது சொன்னான்மா. கடை நெய்யத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். டால்டா கலந்திருப்பான், பாயை நம்ப முடியாதுன்னு நெனக்கறீங்களாக்கும்னு மனசு கேக்கல. அதான் வூட்டுக்குப் போயி எடுத்தாந்தேன். எங்க வூட்டு மாட்டு நெய்யிம்மா. சுத்தமான நெய்யி."

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நான் அவரிடம் சொல்லாமல் விடவில்லை. தெளிவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் காலத்து ஓட்டல்காரருக்கு ‘உன் நெய்யில் டால்டா’ என்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சட்டி கேட்டபோதே ஒரு முறை அடிபட்ட மனசு, என் வார்த்தையையும் அந்த அடியின் வழியாகவே கேட்டது. சொல்லியாயிற்று என்று நான் நிம்மதியாக நடந்தேன் பாருங்கள், அந்த நிம்மதி எவ்வளவு ஆபத்தானது என்று அன்று தெரிந்துகொண்டேன். எதிராளி என்ன புரிந்துகொண்டான் என்று அவன் வாயாலேயே சொல்லக் கேட்கும் வரை நீங்கள் சொன்னது சொன்னதாகாது. அடுப்படியில் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும், கடைசியாக ஒரு நல்ல மனுஷன் தட்டு பளபளப்பாக இருக்கட்டுமே என்று வெண்ணெய்ப் பிரஷ்ஷால் ஒரு தடவு தடவுவான். கெட்டவனை எப்படியும் கவனித்துக்கொண்டிருப்போம், நல்லவன் பக்கம் நம் கண் போகாது.

இன்னொன்று. முதலாளியைத் தள்ளலாமா என்று அந்த நேரத்தில் நான் யோசித்திருந்தால் அந்த விள்ளல் வாய்க்குள் போயிருக்கும். தட்டைப் பிடுங்கிவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும்.

காவேரியக்கா இரண்டாவது முறை களி கிண்டினார். இந்த முறை பாய் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மேசைக்கும் கூடத்துக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குழந்தைக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். ஒருவனையும் அந்தப் பக்கம் விடவில்லை. என்னையும்தான். கல்லாவைப் பண்டாரி பார்த்துக்கொண்டார். பின்னால் குழந்தை களியை விழுங்கும் சத்தமும், "மெதுவா, மெதுவா," என்ற அம்மாவின் குரலும் கேட்டன.

சாயங்காலம் சாலை திறந்தது. பஸ் ஹாரன் அடித்ததும் அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பாய் எழுந்து நின்றார்.

"நீங்க சட்டி கேட்டப்ப நான் வேற நெனச்சுட்டேன்மா."

"நெனச்சீங்கன்னு எனக்குத் தெரிஞ்சதுங்க. சொல்லத்தான் யாரும் விடல."

"நெய் ஊத்தினதுக்கு..." என்று பாய் இழுத்தார்.

"உங்க மேல கோவமில்லீங்க. அந்தப் பாயசம் குடுத்தது வேற யாருமில்ல, எங்க மாமியார்தான். இவ மேல உசிரா இருக்கறவங்க. பச்சப்புள்ளைக்கு ஒரு கரண்டி பாயசம் குடுக்காம இருக்க அவங்களால முடியல."

பாய் தலையை ஆட்டினார். குழந்தையின் தலையைத் தடவக் கையைத் தூக்கியவர், பாதியில் நிறுத்தி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவர் சரி என்று தலையசைத்த பிறகே தொட்டார்.

மறுநாள் காலை வேலை இருக்குமா என்ற சந்தேகத்தோடுதான் போனேன். நான் தள்ளியதைப் பற்றிப் பாய் பேச்சே எடுக்கவில்லை. நெய்த்தூக்கு கல்லாவின் மேலேயே மூடியோடு இருந்தது. மதியம் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது, கூட ஒரு சிறு பெண். பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். தூக்கை எடுப்பார், வைப்பார். கடைசியில் எழுந்து போனார். கரண்டியில் நெய்யை மொண்டு தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஊற்றாமல் நின்றார்.

"ஊத்தட்டுமா கண்ணு?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஒடம்புக்கு ஆகாதா?"

"இல்ல. எனக்குப் புடிக்காது."

அவளுடைய அப்பா, "முதலாளி ஊத்தறார், வாங்கிக்க," என்று அதட்டினார். பாய் அவரை அடக்கிவிட்டு, கரண்டியைத் தூக்குக்குள் திருப்பி விட்டு, மூடிக்கொண்டு வந்தார்.

கப்பலில் எத்தனையோ பேர் என் மேசைகளில் வந்து உட்கார்ந்து வெண்ணெய் வேண்டாம், சீஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பட்டால் ஆபத்தா என்று கேட்டுக்கொள்வேன், கரண்டி முதல் சட்டி வரை மாற்ற வேண்டுமா என்று தெரிய வேண்டுமே, அதற்காக. நிஜமா, ஃபேஷனா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்து நின்றிருக்கிறேன். அவ்வளவுதான் நம் வேலை. அன்று நான் பதில் சொல்லாமல் நழுவிய அந்தப் பெண்ணுக்கு இதுதான் என் பதில்.

அந்தச் சிறு பெண் நெய் வேண்டாம் என்று சொன்ன அன்று மாலை, கடை காலியான பிறகு பாய் என்னைக் கூப்பிட்டார். "இத்தன வருசமா ஊத்தியிருக்கறனே மாது," என்றார். "ஒரு புள்ளையக்கூடக் கேட்டதில்லையேடா."